அம்மிக்கல்லில் ஒரு சோதனை: கல்வெட்டுப் படங்களுக்கு ரா மென்பொருள் தேர்ந்தெடுத்த அனுபவம்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் இருக்கும் சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில், பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் திருமேனிகளையும் அவற்றின் கீழ் வெட்டப்பட்ட, தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்துகளையும் முதன்முறை படமெடுத்து வந்து, 12க்கு 18 அங்குலத்தில் அச்சுப் போட்டு, நாகமலை புதுக்கோட்டையில் வசிக்கும் என் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். வட்டெழுத்தைத் தாமாகவே பயின்று, ஊர் ஊராகச் சென்று படித்துக் குறிப்பெடுத்து வருபவர். சன்னலோரம் அமர்ந்து, உருப்பெருக்கியை அச்சின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, "இது எழுத்தாய்யா, பாறைப் பொரிவாய்யா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. கணினித் திரையில் அவ்வளவு பளிச்சென்று தெரிந்த படத்தில், அவருக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு கீற்று மட்டும் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாமல் நின்றேன்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது. திருமணப் படங்களுக்கோ இயற்கைக் காட்சிகளுக்கோ கூர்மை என்பது பார்வைக்கு இனிமை தரும் ஒரு பண்பு. கல்வெட்டுக்கு அது வேறு. வட்டெழுத்தின் பிற்கால வடிவங்களில் சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி வருகின்றன. ஒரு சிறு வளைவோ, கோட்டின் முனையில் ஒரு சிறு திருப்பமோதான் இரண்டையும் பிரிக்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கமும் அக்காலக் கல்வெட்டுகளில் சீராக இல்லை. ஓரிடத்தில் இருக்கும், அடுத்த இடத்தில் இராது. ஆகவே பாறையின் இயல்பான குழி ஒன்று படத்தில் புள்ளியாகத் தோன்றிவிட்டால், வாசிப்பே மாறிப்போகும். மங்கலான படம் தகவலை மறைக்கிறது என்றால், மிகையாகக் கூர்மையூட்டிய படம் இல்லாத தகவலைச் சேர்க்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய தீங்காகப் பட்டது, ஏனென்றால் மங்கலைப் படிப்பவர் உடனே உணர்ந்துகொள்கிறார், பொய்க் கீற்றை உணர்வதில்லை.

என்னிடம் இருப்பது கேனன் 80டி கேமராவும், அதனுடன் வந்த 18-135 மி.மீ. லென்ஸும், 8 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு பழைய மடிக்கணினியும். முதல் பயணத்தில் ஜேபெக் (கேமராவே உருவாக்கித் தரும் படம்), ரா (கேமரா அளந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) ஆகிய இரண்டு வகையிலும் பதிவு செய்திருந்தேன். ஆனால் அச்சுக்குக் கொடுத்தது கேமராவே செய்து தந்த ஜேபெக். எனவே ரா கோப்பைத் திறந்து பார்ப்பதே முதல் வேலை என்று நினைத்தேன். திறந்தபோது தெரியவந்த உண்மை, மென்பொருளுக்கு முன்பே நான் பிழை செய்திருந்தேன் என்பது.

பாறை மேடு பள்ளமாக இருக்கிறதே, எல்லாம் தெளிவாக விழ வேண்டுமே என்று எண்ணி, லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 16 வரை (எண் கூடக் கூடத் துளை சிறிது) சுருக்கி எடுத்திருந்தேன். துளை சுருங்கச் சுருங்க ஒளி விளிம்பில் வளைந்து பரவுகிறது. ஒரு புள்ளி ஒளி, கேமராவில் ஒளியை அளக்கும் உணரியின் மேல் புள்ளியாக விழாமல் ஒரு சிறு வட்டாக விழுகிறது. அந்த வட்டின் விட்டத்தை அலைநீளம், துளை எண், 2.44 ஆகிய மூன்றையும் பெருக்கிக் கணக்கிடலாம். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், எஃப் 16இல் அது ஏறத்தாழ 21 மைக்ரான். எஃப் 8இல் ஏறத்தாழ 11 மைக்ரான். 80டி கேமராவின் உணரியில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 3.7 மைக்ரான். அதாவது எஃப் 16இல் ஒவ்வொரு புள்ளியும் ஆறு பிக்சல் அகலத்துக்குக் கரைந்து போகிறது. 35 மி.மீ. குவியத்தூரத்தில், மூன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்த என் படத்தில் 6000 பிக்சல்கள் சுமார் 2.2 மீட்டர் அகலப் பாறையைத் தாங்கியிருந்தன. ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று பிக்சல்கூட இல்லை. ஆறு பிக்சல் கரைவு என்றால் பாறையின் மேல் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கரைவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மழையிலும் வெயிலிலும் தேய்ந்த ஓர் உளிக்கீற்றின் விளிம்பு அதற்குள் முழுகிப்போகும். அந்தத் தொலைவில் எஃப் 8 வைத்தாலே முன்னும் பின்னும் ஒரு மீட்டருக்கு மேல் தெளிவு கிடைத்திருக்கும் என்பதைப் பின்னர் கணக்கிட்டபோது, மறுபடி மலையேறுவதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்தேன்.

ஆனால் உடனே ஏறவில்லை. எந்த மென்பொருளைக் கொண்டு படத்தை உருவாக்கப் போகிறேன் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுப் போக விரும்பினேன். மென்பொருள்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டிலும் திறந்து, பக்கத்தில் பக்கமாக வைத்து, எது கூர்மையாகத் தெரிகிறது என்று பார்க்கிறார்கள். கூர்மையாகத் தெரிவது உண்மையா என்று சரிபார்க்க அதில் வழியே இல்லை. படத்தில் உள்ளதைக் கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்யக்கூடிய ஒரு பொருள் எனக்கு வேண்டியிருந்தது. அது கொல்லைப்புறத்தில் கிடந்தது: அம்மாவின் அம்மி.

தெருவில் அம்மி கொத்துகிறவர் வந்தபோது கொத்தி வைத்த கல் அது. பிறகு அதிகம் அரைக்காததால் உளிக்குழிகள் தேயாமல் இருந்தன. கருங்கல்லில் இரும்பு உளி பட்ட தடம் என்பதால், கல்வெட்டுக்கு இதைவிட நெருக்கமான உறவு கொண்ட சோதனைப் பொருள் வேறு இல்லை என்று தோன்றியது. அதை மொட்டைமாடிக்குத் தூக்கிச் சென்று, சுவரில் சாய்த்து நிறுத்தி, 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தைச் சாக்பீஸால் வரைந்தேன். (அம்மி என்பதால் சாக்பீஸைத் தொட்டேன். கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்த்து எழுத்தை வெளிக்கொணர்வது கல்லைக் கெடுப்பது மட்டுமன்றி, தேய்த்தவரின் வாசிப்பை அதன் மேல் ஏற்றிவிடுவதும் ஆகும், யாரும் செய்யக்கூடாது.) சதுரத்துக்குள் இருந்த உளிக்குழிகளை விரல்நுனியால் தடவியும், கோணி ஊசியின் முனையை வைத்துப் பார்த்தும் மூன்று முறை எண்ணினேன். 87 குழிகள். பிறகு மாலை வெயில் பக்கவாட்டில் படும் நேரத்தில், மலையில் நின்ற அதே மூன்றரை மீட்டர் தொலைவிலிருந்து, முக்காலியில் கேமராவை வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் 8 என்ற அமைப்பில், லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிக் குவியத்தைக் கையால் திருப்பி, இரண்டு விநாடி டைமரில் படமெடுத்தேன். ஒப்பீட்டுக்காக எஃப் 16இலும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே ரா கோப்பு என்றால் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மென்பொருள்களுக்கிடையே உள்ள வேறுபாடு முழுவதும் அதிலிருந்தே பிறக்கிறது. உணரியில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்து 1976இல் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி அமைப்பு இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது: நான்கு பிக்சல்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ரா கோப்பு இந்த அளவுகளை 14 பிட் எண்களாக, அதாவது 16,384 படிநிலைகளில் சேமிக்கிறது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தாம். ஒவ்வொரு பிக்சலிலும் அளக்கப்படாத மற்ற இரண்டு நிறங்களை அண்டைப் பிக்சல்களிலிருந்து ஊகித்து நிரப்புவதை டிமொசைக்கிங் என்கிறார்கள். ஆக, எந்த நிறப்படத்திலும் மூன்றில் இரண்டு பங்கு எண்கள் ஊகம். அந்த ஊகத்தை எந்த விதியால் செய்கிறோம் என்பதில்தான் மென்பொருள்கள் வேறுபடுகின்றன. இதோடு, 80டி போன்ற கேமராக்களின் உணரிக்கு முன்னால், பொய்க்கோலங்களைத் தவிர்ப்பதற்காகவே படத்தை இம்மியளவு மங்கச் செய்யும் ஒரு வடிகட்டியும் உண்டு. ஆகவே ரா கோப்பை எந்தக் கூர்மையூட்டலும் இன்றித் திறந்தால் சற்று மங்கலாகவே இருக்கும். அது பழுது அன்று. அந்த மங்கலை எப்படி நீக்குகிறோம் என்பதுதான் கேள்வி.

நான்கு வழிகளில் அம்மிப் படத்தை உருவாக்கிப் பார்த்தேன். கேனன் தன் கேமராவோடு இலவசமாகத் தரும் டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபஷனல் முதலாவது. லென்ஸின் ஒளியியல் குறைகளை அந்த லென்ஸுக்கே உரிய தரவைக் கொண்டு திருத்தும் ஒரு வசதி அதில் இருக்கிறது. டவுன் ஹால் ரோடு அருகே ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரின் கணினியில் லைட்ரூம் இருந்தது, அது இரண்டாவது. மூன்றாவதும் நான்காவதும் கட்டணம் இல்லாத, மூல நிரல் திறந்த மென்பொருள்களான டார்க்டேபிளும் ராதெரபியும். இவை தவிர, செயற்கை நுண்ணறிவு வகையான நரம்பியல் வலைப்பின்னலைக் கொண்டு இரைச்சலை, அதாவது படத்தில் தாறுமாறாகத் தோன்றும் பொரிப்புள்ளிகளை, நீக்கிக் கூர்மையூட்டும் கட்டண மென்பொருள் ஒன்றின் சோதனைப் பதிப்பையும் இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் சாக்பீஸ் சதுரத்தை மட்டும் வெட்டியெடுத்து, ஒரே அளவில் அச்சிட்டு, பின்புறத்தில் எண் மட்டும் குறித்து என் தங்கையிடம் கொடுத்தேன். எது எந்த மென்பொருளில் செய்தது என்று அவளுக்குத் தெரியாது. உளிக்குழி என்று தோன்றும் இடத்தில் எல்லாம் சிவப்புப் பேனாவால் புள்ளி வைக்கச் சொன்னேன்.

அவள் இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து அதைச் செய்தாள். கேமராவின் ஜேபெக்கில் 70 புள்ளிகள் வைத்திருந்தாள். ஆழமில்லாத குழிகள் இரைச்சல் நீக்கத்தில் அடிபட்டு வழவழப்பாகிவிட்டன. எஃப் 16இல் எடுத்த படத்தில் 61. மற்றவை பெரும்பாலும் எண்பதுக்கு மேல் வந்தன. ஒரு தாளை மட்டும் நீட்டி, "அண்ணே, இதுதான் நல்லாத் தெரியுது, எண்ணவே சுலபமா இருந்துச்சு" என்றாள். அதில் 101 புள்ளிகள் இருந்தன. கல்லில் இருப்பதோ 87.

அந்தத் தாளையும் அம்மியையும் அருகருகே வைத்து ஒவ்வொரு சிவப்புப் புள்ளியாக ஊசியால் தொட்டுப் பார்த்தேன். மிகுதியாக வந்த இடங்களில் குழி இல்லை. கருங்கல்லின் கறுப்பு மணிகள் இருந்தன. அடர்நிற மணி ஒன்றின் ஓரத்தில் மென்பொருள் வெண்விளிம்பு ஒன்றை எழுப்பிவிட்டால், நிழலும் ஒளியுமாக அது குழிபோலவே தோன்றுகிறது. அது நான் கூர்மையூட்டும் அளவைத் தாராளமாக ஏற்றி, ஆரத்தை (விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் கூர்மை பரவும் என்பதை) இரண்டு பிக்சலுக்கு மேல் வைத்துச் செய்த படம். திரையில் பார்த்தபோது எனக்கும் அதுவே மிகச் சிறந்ததாகத் தோன்றியது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். நரம்பியல் வலைப்பின்னல் மென்பொருளின் படத்தில் எண்ணிக்கை 84தான். ஆனால் சரிபார்த்தபோது அவற்றுள் ஐந்து இல்லாத குழிகள், இருக்கும் குழிகள் சில இரண்டிரண்டாக இணைந்து நீள்கோடாகியிருந்தன. எண்ணிக்கை மட்டும் பார்த்திருந்தால் அதைத் தேறியதாகவே கொண்டிருப்பேன். பறவையின் இறகையோ மனித முகத்தையோ அத்தகைய மென்பொருள் அழகாகச் செப்பனிடலாம். இறகும் முகமும் எப்படி இருக்கும் என்று அது முன்பே பார்த்திருக்கிறது. தேய்ந்த வட்டெழுத்து எப்படி இருக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? குழி குழியாகத் தேய்ந்து விட்டுப்போன கோட்டை அது இணைத்துக் காட்டினால், அது வாசிப்பு ஆகிவிடுகிறது. வாசிக்க வேண்டியவர் சித்தப்பா.

இரண்டு திறந்த மென்பொருள்களும், அளவை ஏற்றாமல் வைத்த லைட்ரூமும், கேனனின் சொந்த மென்பொருளும் தமக்குள் பெரிய வேறுபாடு காட்டவில்லை. லைட்ரூமில் கூர்மையின் அளவு 40, ஆரம் 1.0, நுணுக்கம் 25 என்பவை ரா கோப்புக்கு இயல்பாக வரும் அமைப்புகள். அவற்றை அப்படியே விட்டதில் பொய்க்குழி இரண்டுதான். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே மறைப்புப் பட்டையை நகர்த்தினால், எந்த விளிம்புகளில் மட்டும் கூர்மை ஏறுகிறது என்று கறுப்பு வெள்ளையில் காட்டும் வசதி மிக உதவியாக இருந்தது. ஆனால் மாதச் சந்தா கட்டுவது எனக்கு இயலாது. டார்க்டேபிளில் டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் என்ற பகுதியில், லென்ஸ் மங்கலை நீக்குவதற்கென்றே ஆயத்த அமைப்புகள் இருக்கின்றன, முடிவும் மிக இயல்பாக இருந்தது. எனினும் அது கடும் கணக்கீடு கோருவது, தனி வரைகலை அட்டை இல்லாத என் மடிக்கணினி ஒவ்வொரு மாற்றத்துக்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டது. நல்ல கணினி உள்ளவர்கள் அதையே தேர்ந்தெடுத்தால் நான் மறுத்துரைக்க மாட்டேன்.

நான் ராதெரபியில் நிலைகொண்டதற்குக் காரணம், அதில் ஒவ்வொரு படியும் கண்முன் இருப்பதும், எது எந்த வரிசையில் நடக்கிறது என்று அறிய முடிவதும். 2010இல் மூல நிரல் திறக்கப்பட்ட மென்பொருள் இது. 2020இல் வந்த 5.8ஆம் பதிப்பில் கேப்சர் ஷார்ப்பனிங் என்ற கருவி சேர்ந்தது. வழக்கமான கூர்மையூட்டல், படம் முழுவதும் உருவாகி, ஒளி நிழல் வளைகோடுகள் எல்லாம் ஏறிய பிறகு, விளிம்புகளின் இருபுறமும் கறுப்பையும் வெளுப்பையும் கூட்டுகிறது. மேலே சொன்ன வெண்விளிம்பு அதனால் வருவது. கேப்சர் ஷார்ப்பனிங் டிமொசைக்கிங் முடிந்த கையோடு, எண்கள் இன்னும் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்போதே நடக்கிறது. லென்ஸிலும் உணரிக்கு முன்னுள்ள வடிகட்டியிலும் மங்கல் ஏற்பட்டது ஒளியாக இருந்த நிலையில் அல்லவா? அந்த நிலையிலேயே அதைத் திருப்ப முயல்வது முறையானது. அதற்குப் பயன்படும் கணக்கு, வில்லியம் ரிச்சர்ட்சன் 1972இலும் லியான் லூசி 1974இலும் தனித்தனியே வெளியிட்டது. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடி பிழையாக வடிக்கப்பட்டிருந்தது; 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் வரை அதன் படங்களைச் செப்பனிட இக்கணக்கும் கைகொடுத்தது. வானத்துக்கு வகுத்த கணக்கு, கீழக்குயில்குடிப் பாறைக்கும் உதவியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பலமுறை திருத்தித் திருத்தி நான் வந்து சேர்ந்த அமைப்பை விரிவாகவே எழுதுகிறேன். கோப்பைத் திறந்தவுடன் நியூட்ரல் என்ற அமைப்பை ஏற்றி, மென்பொருள் தானாகச் சேர்க்கும் அழகுபடுத்தல்கள் அனைத்தையும் நீக்கினேன். ரா பகுதியில் நிறப்பிறழ்ச்சித் திருத்தத்தை (லென்ஸ் நிறங்களை ஒன்றுக்கொன்று சற்றே விலகி விழச் செய்யும் குறைக்கான திருத்தத்தை) தானியங்கியாக இயக்கினேன். இது டிமொசைக்கிங்குக்கு முன்பே சிவப்பையும் நீலத்தையும் பச்சையோடு பொருத்துவதால், படத்தின் ஓரங்களில் உள்ள எழுத்துகளுக்கு வேறெந்தக் கூர்மையூட்டலையும்விட அதிகப் பயன் தந்தது. டிமொசைக்கிங்குக்கு அமேஸும் விஎன்ஜி4ம் இணைந்த இரட்டை முறையைத் தேர்ந்தெடுத்தேன். அமேஸ் நுண்ணிய விளிம்புகளை நன்றாக மீட்கிறது, ஆனால் விளிம்பே இல்லாத சமதளத்தில் சிற்சமயம் பின்னல்போன்ற பொய்க்கோலம் போடுகிறது. விஎன்ஜி4 சமதளத்தை அமைதியாக விடுகிறது. எங்கே எதைப் பயன்படுத்துவது என்பதை மாறுபாட்டு வரம்பு ஒன்று தீர்மானிக்கிறது.

கேப்சர் ஷார்ப்பனிங்கில் ஆரத்தை மென்பொருளே ரா தரவிலிருந்து கணித்துக்கொள்ளும். எஃப் 8 படத்தை விட எஃப் 16 படத்துக்கு அது கூடுதலான ஆரத்தைத் தந்தபோது, கணிப்பு இயற்பியலோடு ஒத்துப்போகிறது என்ற நம்பிக்கை பிறந்தது. மாறுபாட்டு வரம்பைத்தான் நான் கையால் உயர்த்தினேன். அதற்குக் கீழே உள்ள சிறு வேறுபாடுகளை இக்கருவி தொடாது. அம்மியின் கறுப்பு மணிகள் தொடப்படாமல், உளிக்குழிகள் மட்டும் தெளியும் இடம் எது என்று தேடி அங்கே நிறுத்தினேன். மணிக்கும் குழிக்கும் வேறுபாடு காட்டுகிற ஒரே சாட்சி பக்கவாட்டு வெயிலின் நிழல்தான் என்பதால், வெயில் மாறினால் இந்த எண்ணும் மாறும். ஆகவே எண்ணைச் சொல்லாமல் விடுகிறேன். வழக்கமான ஷார்ப்பனிங் பகுதியை முற்றிலும் அணைத்துவிட்டேன். ஒளி இரைச்சல் நீக்கத்தைச் சுழியத்தில் வைத்தேன். நிற இரைச்சலை மட்டும் நீக்கினேன். எல்லாவற்றையும் 100 விழுக்காட்டு அளவில்தான் பார்க்க வேண்டும். படம் முழுவதையும் திரைக்குள் அடக்கிப் பார்த்துக் கூர்மையைத் தீர்மானித்தால் கட்டாயம் மிகையாகிவிடும்.

இந்த அமைப்பில் செய்த அம்மிப் படத்தில் தங்கை 83 புள்ளிகள் வைத்தாள். சரிபார்த்ததில் அனைத்தும் கல்லில் இருந்தவை. விடுபட்ட நான்கும் ஊசிக்கு மட்டும் தட்டுப்படும் அளவுக்கு ஆழமற்றவை.

அதன் பிறகே மலைக்குப் போனேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாதலால் முக்காலி வைப்பதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்திருந்தேன். அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தடியில் அய்யனார் கோயிலையும் கடந்து, பாறையில் வெட்டிய படிகளில் ஏறும்போது, சித்தப்பாவும் மெல்ல மெல்ல உடன் வந்தார். முழுத் திருமேனியும் கல்வெட்டும் ஒன்றாக விழும்படி ஒரு படம், பிறகு பாதித் தொலைவுக்கு நெருங்கிக் கல்வெட்டை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி மூன்று படங்கள் என்று எடுத்தேன். எந்த மென்பொருளும் தர முடியாத ஆதாயம் இந்த நெருக்கத்தில் இருக்கிறது: பாதித் தொலைவில் ஒரு மில்லிமீட்டருக்குக் கிடைக்கும் பிக்சல்கள் இரு மடங்காகின்றன. இடமும் பாதுகாப்பும் அனுமதிக்கும்போது நெருங்கிப் போவதே முதல் கூர்மையூட்டல் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

ஒளி சற்று நேர்முகமாக விழுந்ததால், இரண்டடித் தெர்மாகோல் அட்டை ஒன்றைச் சித்தப்பா பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பினார். ஒவ்வொரு பகுதியையும் அட்டை இடப்பக்கம் இருக்கும்போது ஒன்றும், வலப்பக்கம் இருக்கும்போது ஒன்றுமாக இருமுறை எடுத்தோம். சமணத் துறவி அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி அங்கே இருக்கிறது. அதன் வாசகம் பலரும் படித்து அச்சில் வந்ததுதான். அதை முதலில் எடுத்ததற்குக் காரணம், தெரிந்த வாசகத்தில் என் அமைப்பு எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துவிட்டு, ஐயமுள்ள வரிகளுக்குப் போகலாம் என்பது. அதே நாளில், அதே மலையில் உள்ள செட்டிப்புடவுக் குகையின் உட்புறத்தையும் எடுத்தேன். அங்கே முக்காலியைச் சரியாக ஊன்ற முடியாமல் ஐஎஸ்ஓ 3200 வரை போக வேண்டியதாயிற்று. அந்தப் படங்களுக்கு இரைச்சல் மிகுந்த கோப்புகளில் நிதானமாக நடந்துகொள்ளும் எல்எம்எம்எஸ்இ என்ற டிமொசைக்கிங் முறைக்கு மாற்றி, கேப்சர் ஷார்ப்பனிங்கின் வரம்பை இன்னும் உயர்த்தினேன். சிற்பங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எழுத்துக்கு அந்த ஐஎஸ்ஓவை நான் நம்பமாட்டேன்.

வீட்டுக்கு வந்து ராதெரபியில் செய்து, 16 பிட் டிஃப் கோப்பாக வெளியிட்டு, அச்சின் அளவுக்குக் குறைத்த பிறகு மிகச் சிறிதளவு மட்டும் அச்சுக்கான கூர்மை சேர்த்தேன். லேபில் அச்சிடக் கொடுக்கும்போது அவர்கள் பக்கத்தில் எந்தத் திருத்தமும் செய்ய வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன்; பல இடங்களில் கேட்காமலேயே கூர்மையும் நிறமும் கூட்டி அச்சிடுவது வழக்கம்.

குணமதியார் வரியைச் சித்தப்பா எழுத்தெழுத்தாக உருப்பெருக்கியில் பார்த்து, அச்சில் வந்த வாசகத்தோடு ஒப்பிட்டுத் தலையசைத்தார். பிறகு, முதலில் அவர் கேள்வி எழுப்பிய அந்த வேறொரு வரிக்குப் போனோம். கீற்று இப்போது ஐயமின்றித் தெரிந்தது: பாறையின் வெடிப்பு அது, எழுத்தையும் தாண்டிக் கீழே ஓடுகிறது. ஆனால் அதற்கு இரண்டெழுத்து தள்ளி, முன்பு தெரியாத ஒரு சிறு குழி புதிதாகத் தெரிந்தது. இடப்பக்க ஒளியில் எடுத்த அச்சையும் வலப்பக்க ஒளியில் எடுத்த அச்சையும் பக்கத்தில் பக்கமாக வைத்தேன். இரண்டிலும் குழி அதே இடத்தில் இருந்தது. அதன் நிழல் மட்டும் ஒளிக்கு ஏற்பப் பக்கம் மாறியிருந்தது. இரைச்சலாகவோ மென்பொருள் உண்டாக்கிய விளிம்பாகவோ இருந்தால் இரண்டு தனிப் படங்களில் ஒரே இடத்தில், நிழல் மாறி வந்திருக்காது.

"அப்ப இது கல்லுல இருக்கு" என்றார் சித்தப்பா. "புள்ளியா, கல்லு தானாப் பொரிஞ்சதாங்கிறது என் பாடு."

தம் குறிப்பேட்டில் அந்த எழுத்தை வரைந்து, மேலே மெல்லிய புள்ளி ஒன்றை வைத்து, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டார். நான் இரண்டு ரா கோப்புகளையும், அவற்றுக்கு ராதெரபி எழுதி வைத்த அமைப்புக் கோப்புகளையும் ஒரே உறையில் நகலெடுத்து அவரிடம் கொடுத்தேன். கார்த்திகை கழிந்து வெயில் சாய்வாக விழத் தொடங்கியதும், காலை ஏழு மணிக்கு ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அந்த ஒரு எழுத்துக்காக மட்டும் மறுபடி ஏறுவதாகத் திட்டமிட்டிருக்கிறோம்.